பாட்டிலில் மிதந்த பச்சை நூல்

கோதை மேடம் போய்விட்டார். காலையில் வசந்தா போன் பண்ணிச் சொன்னாள்... அதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

எங்கள் குளுக்கோஸ் பாட்டில் கம்பெனியில் குவாலிட்டி மேடம் அவர். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நானும் வசந்தாவும் பாட்டில் நிரப்புகிற ரூமில் வேலை. தொண்ணூறுகளின் கடைசி... என் பெரியவள் அப்போது பத்தாவது படித்தாள்.

தினமும் காலையில் பாட்டில்களைக் கறுப்புப் பலகைக்கு முன்னால், லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இது யாரோ ஒருத்தர் ரத்தத்துல போறதும்மா" என்பார். லெக்சர் அவ்வளவுதான்.

ஒரு நாள் அந்த வெளிச்சத்தில் ஒரு நூல் மிதந்தது. பச்சை. இமை முடி அளவுகூட இல்லை. பட்டு.

சூப்பர்வைசர் குதித்தார். "தறிக்காரன் வூட்டுப் பொம்பளைங்கள உள்ள வுட்டா இப்டித்தான் ஆவும். தலையில புடவையில எல்லாம் ஒட்டிக்கினு வர்றாளுங்க!"

குளித்து, உடை மாற்றி, கண் மட்டும் தெரிய வெள்ளை அங்கி போட்டு நின்ற எங்களைப் பார்த்து அந்தப் பேச்சு. விசாரணை முடிகிற வரைக்கும் வரக்கூடாது என்று என்னையும் சேர்த்து தறி வீட்டுப் பெண்களை எல்லாம் அனுப்பிவிட்டார். (சார், நீங்களும் ஃபேஸ்புக்கில் இருப்பது தெரியும். படித்தால் படியுங்கள்.)

வீட்டுக்காரர் உடம்பு முடியாமல் படுத்திருந்த சமயம். என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. அதைவிட, அழுக்குக்காரி என்ற பேர்... அது இன்னும் எரிகிறது.

நாங்கள் இல்லாதபோதும் ஒரு பாட்டிலில் பச்சை நூல் வந்ததாம். "ஆளை மாத்தியாச்சு, நூல் நிக்கலையே... ஏன்?" என்று மேடம் மீட்டிங்கில் கேட்டாராம். வீட்டில் தறி இல்லாததால் வேலையில் இருந்த வசந்தாதான் வந்து சொன்னாள்.

மறுநாள் மேடம் ஆட்டோவில் என் வீட்டு வாசலில் இறங்கினார்.

"இன்னா மேடம், போலீஸ் மாதிரி வூட்டுக்கே வந்துட்டீங்க?"

"திட்டுங்கோ. திட்டிட்டு தறியைக் காட்டுங்கோ."

தறியில் வீட்டுக்காரர் பாதியில் விட்ட அரக்கு நிறப் புடவை இருந்தது. பச்சை எங்கேயும் இல்லை. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நம்ம அங்கியெல்லாம் எங்க தோய்க்கறான்னு தெரியுமா?" என்றார்.

லாண்டரிக்காரர் எங்களுக்குப் பின்தெரு. கூட்டிக்கொண்டு போனேன்.

கொடியில் எங்கள் வெள்ளை அங்கிகள். ஒட்டினாற்போல் மூங்கிலில், சாயம் போட்டுக் காயவைத்த பட்டு நூல். பச்சை. காற்றில் இரண்டும் உரசிக்கொண்டிருந்தன... மேடம் அப்படியே நின்றுவிட்டார்.

அங்கிகளை உருவப் போனேன். "தொடாதீங்கோ, இருக்கறபடியே பாக்கணும்" என்றார்.

லாண்டரிக்காரரைக் கிழி கிழி என்று கிழித்தேன். மேடம் என் கையைப் பிடித்தார். "அவரை ஏம்மா திட்டறேள்? எங்க காயப்போடணும்னு நாங்க என்னிக்காவது சொன்னோமா? வந்தாவது பாத்தோமா?"

அவருக்குப் பெரிய மனசு. நான் அந்த ஆளிடம் இன்றைக்கும் பேசுவதில்லை.

அங்கி துவைக்க, உலர்த்த கம்பெனிக்குள்ளேயே மெஷின் வந்தது. எங்களையும் திரும்பக் கூப்பிட்டார்கள். கேன்டீனில் எல்லார் முன்னாலும் மேடம், "இவங்க மேல தப்பில்லைன்னு நீங்களே சொல்லிடுங்கோ சார்" என்றார்.

சூப்பர்வைசர் டீயைப் பார்த்துக்கொண்டே, "அதான் வந்துட்டாங்க இல்ல" என்றார்.

மேடம் எழுந்து தானே சொன்னார். மொத்தமாக இல்லை... ஒவ்வொருத்தி பேரையும் சொல்லி.

அதற்கப்புறமும் மாதக்கணக்காக அந்தப் பச்சையைத் தேடிக்கொண்டே இருந்தார். "அதான் பூட்ச்சே மேடம்" என்றால், "போயிடுத்தா, ஒளிஞ்சிண்டு இருக்கான்னு பாக்க வேண்டாமா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு...

கம்பெனி மூடிய பிறகு மகளோடு பெங்களூர் போய்விட்டார். அப்புறம் ஒரு தடவை இங்கே கருட சேவைக் கூட்டத்தில் அவர் முன்னால் போவதைப் பார்த்தேன். "மேடம்! மேடம்!" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. கடைசியாக நான் பார்த்தது அவர் முதுகை.

கொஞ்ச நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தாராம். பாட்டில் ஏற்றியிருப்பார்கள். அதை யாராவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். வசந்தாவுக்குத் தெரியவில்லை.

போய்வாங்க மேடம்... பக்கத்தில் இருந்திருந்தால் நான் பார்த்திருப்பேன்.