ஸ்டெல்லாவின் இரண்டு அங்குலம்

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு அடுத்த வருடம் பாதிப் புள்ளிகளை எடுக்கப்போகிறவள் ஸ்டெல்லா. எதிரணியைப் பயமுறுத்த, அணிப் பட்டியலில் எல்லோர் உயரத்திலும் இரண்டு அங்குலம் கூட்டி எழுதுவது பயிற்சியாளரான என் வழக்கம்.

இன்று தாம்பரம் ஸ்டேஷனில், அவளோடு வந்த அவள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், மாப்பிள்ளை வீட்டுல உங்க லிஸ்ட்டைப் பார்த்துட்டு, பொண்ணு பையனைவிட உயரமான்னு தயங்குறாங்க. சரியான உயரத்தை நீங்களே எழுதிக் குடுங்க. மே மாசம் கல்யாணத்தை முடிச்சிட்டு காலேஜை நிறுத்திடலாம்."

அவர் டிக்கெட் எடுக்கப் போனதும் ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள். "ஒரு வருஷம் மட்டும் அந்த ரெண்டு அங்குலம் இருக்கட்டுமே, மிஸ்."

அம்மா திரும்பி வந்தார். "அளவு நாடா தொலைஞ்சு போச்சுங்க. கிடைச்சதும் அளந்து தரேன்" என்றேன்.

இதைப் படிக்கும் தோழிகளே, தபால் கார்டில் பதில் எழுதிப் போடுங்கள். ஓர் அளவு நாடா எத்தனை மாதம் கிடைக்காமல் இருக்கலாம்?