முதல் எபிசோடும் மேலகரத்து விருந்தாளிகளும்

நேற்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னிடம், "ஜப்பான்காரங்க ராட்சத ரோபோ தொடர் ஒண்ணு இருக்குல்ல, அத எங்கருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காகவே பிறவி எடுத்தவன்போல நாற்காலியை இழுத்துப் போட்டேன். என் அப்பாவுக்கு மீசை முளைக்கும் முன்பே தொடங்கிய தொடர் அது, இன்னும் முடியவில்லை. அதற்குள் கிளைக்கதைகள், தனித்தனி உலகங்கள், திரைப்படங்கள். எதை முதலில் பார்ப்பது என்று பார்த்து முடித்தவர்களே இணையத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறந்த நேரம் பக்கத்து மேசைக்காரரின் ஜிம் பையிலிருந்து ஈரத்துண்டு வாடை வந்தது. அவ்வளவுதான். பெங்களூரு அலுவலகம் மறைந்து, மேலகரத்தில் என் நண்பன் சங்கர் வீட்டு முன்னறை வந்துவிட்டது.

சங்கரை இந்தத் தொடரில் இழுத்துவிட வேண்டும் என்ற யோசனை, அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்த அன்றுதான் எனக்கு உதித்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே நாங்கள் ஒரே பெஞ்ச். ஊரை விட்டுப் போகும் நண்பர்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன்: முதலில் தினமும் போன், அப்புறம் பொங்கல் வாழ்த்து, அப்புறம் கல்யாணப் பத்திரிகை. அதற்குத் தப்ப வேண்டுமென்றால் பேசித் தீராத விஷயம் ஒன்று நடுவில் கிடக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அந்த ரோபோவைவிடத் தீராத விஷயம் வேறில்லை. குற்றால சீசன் முடிந்து அவன் கிளம்புவதற்குள் பத்துப் பதினைந்து எபிசோடு காட்டிவிட்டால் பயல் மாட்டிக்கொள்வான். ஆயுசுக்கும் பேச்சு ஓடும் என்று கணக்குப் போட்டேன்.

தேர்ந்தெடுத்த இடம்தான் தப்பு. மேலகரம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனி, ஆடியில் சொந்தக்காரர்கள் பெருகுவார்கள். நாலு தூறல் விழுந்ததும் போன் வரும். "என்ன, அருவியில தண்ணி விழுதா?" நலம் விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். மறுநாள் வாசலில் வேன் நிற்கும்.

ஒரு எபிசோடு இருபத்துநான்கு நிமிடம்; முதல் நாள் அதில் பாதி ஓடியிருக்கும். ஐந்தருவியில் குளித்துவிட்டு சங்கரின் ராயகிரி மாமா குடும்பத்தோடு வந்து இறங்கினார். தலை துவட்டிக்கொண்டே டிவி முன்னால் அமர்ந்தார். சங்கரின் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வந்தவுக பாதியில இருந்து பாத்தா என்னலே புரியும்? மொதல்ல இருந்து போடு."

விருந்தாளிக்குப் பாதிச் சோறு போடமுடியாது அல்லவா; அதே சட்டம்தான். போட்டேன். மாமா விவசாயி. எதையும் முழுசாக விசாரிப்பவர்.

"என்ன தம்பி, இது படுத்தே கெடக்கு. எப்பம் எந்திரிக்கும்?"

"கடைசியில எந்திரிக்கும் மாமா."

"டீசலா, கரண்டா?"

"அணுசக்தி மாமா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மானியம் கெடைக்குமோ?"

மறுநாள் திருநெல்வேலியிலிருந்து சித்தி வந்தார். மொதல்ல இருந்து போட்டேன். மாமாவோ ஊருக்குப் போகிற எண்ணமே இல்லாமல், புதிதாக வந்தவர்களுக்கு விளக்கவுரை சொல்ல ஆரம்பித்துவிட்டார். "இப்ப பாரு, சைரன் ஊதும்." ஊதியது. சித்திக்குப் பொறுக்கவில்லை.

"சின்னப் பையன இதுல ஏத்திவிடுதாகளே, இவன் அம்மைக்காரி ஒண்ணும் சொல்ல மாட்டாளா?"

"அவ கம்பெனி வேலைக்குப் போயிருக்கால்லா" என்றார் மாமா. அப்படியொரு தகவல் கதையிலேயே கிடையாது. ஆனால் என்னை யார் கேட்பது? அந்த வீட்டில் எனக்கு முன்பே மாமா நிபுணராகிவிட்டிருந்தார்.

இப்படியே போனது. ஈரத்துண்டுகள் காயப்போட இடமில்லாமல் டிவிக்கு மேலேயே கொடி கட்டினார்கள். அதில் தொங்கிய துண்டு ரோபோவின் தலையைச் சரியாக மறைத்தது. சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அதற்குத் தலையே கிடையாது என்ற நம்பிக்கையோடுதான் ஊர் திரும்பியிருப்பார்கள்.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "அத்தை, நாளைக்காவது ரெண்டாவதப் போடட்டா?"

"நாளைக்குக் கோவில்பட்டிக்காரங்க வருதாகல்லா. அவுக இன்னும் மொதலாவதே பாக்கலையே" என்றார் சங்கரின் அம்மா, என்னை ஈரமில்லாதவனைப்போலப் பார்த்து.

சங்கர் கிளம்பும் நாள் வந்தது. மலையில் கொட்டிய மழையில் அருவியில் வெள்ளம்; குளிக்கத் தடை. சேதி பரவியதில் வேன் எதுவும் வரவில்லை. மாமாவும் ஒருவழியாக ராயகிரி போய்விட்டார். வீடு காலியாக இருந்தது. சாயங்கால ரயிலுக்கு இன்னும் கொஞ்சம் நேரமிருந்தது. நான் கொடியை அவிழ்த்து எறிந்துவிட்டு, இரண்டாவது எபிசோடைத் தயாராக வைத்துக் காத்திருந்தேன். சங்கர் பெட்டியைக் கட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மொதல்ல இருந்து போடுலே."

"வெளையாடாத. இத நீ எத்தன தடவ பாத்தாச்சு."

"நான் எங்கன பாத்தேன்? டீ கொண்டாந்தேன், பாய் விரிச்சேன், மோட்டார் போட ஓடுனேன். சைரன் ஊதுனா மாமாவுக்கு ரெண்டாவது டீ. எனக்குத் தெரிஞ்ச கதை அம்புட்டுத்தான்."

எனக்கு உறைத்தது. ஒரு சீசன் முழுக்க நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, இவன் உட்கார்ந்தானா என்று ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. மொதல்ல இருந்து போட்டேன். அவன் இமைக்காமல் பார்த்தான். கடைசியில் ரோபோ எழுந்து நின்றபோது மெதுவாகச் சொன்னான்:

"ஏலே, இதுக்குத் தலை இருக்கு."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அப்புறம் நான் பயந்தபடியேதான் எல்லாம் நடந்தது. போன், பொங்கல் வாழ்த்து, பத்திரிகை. அவன் பெற்றோரும் சென்னைக்குப் போய்விட்டார்கள். அந்த முன்னறையில் இப்போது யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். ராயகிரி மாமாகூடக் குற்றாலத்தில் ரூம் எடுத்துக் குளித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறாராம். தண்ணி விழுதா என்று கேட்டு ஊரில் எங்கள் வீட்டுக்கும் போன் வருவதில்லை. எல்லாரும் செல்போனிலேயே அருவியைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நேற்று அலுவலகத்தில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் போனதும் சங்கருக்குச் செய்தி அனுப்பினேன்: அவன் அங்கே, நான் இங்கே, ஒரே நேரத்தில் இரண்டாவது எபிசோடு. ராத்திரி குரல் பதிவாகப் பதில் வந்தது, கிசுகிசுப்பாக.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் பாப்பா தூங்குவாலே. அப்பம் கூப்பிடு."

கைக்குழந்தைகள் மத்தியானத்தில் எவ்வளவு நேரம் தூங்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இருபத்துநான்கு நிமிடம் போதும்.