ஸ்டெல்லா அக்கா மாற்றிய ஸ்டியரிங்

பாசிர் கூடாங் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டெல்லா அக்காவின் மகன் ஜெரால்டின் குரல் பதிவு வந்தது. "அக்கா, அம்மா தவறிட்டாங்க. துணி காயப்போடும்போது விழுந்துட்டாங்க. நான் சிங்கப்பூர்ல இருந்து வந்துக்கிட்டு இருக்கேன், பாலத்துல ஜாம். அப்பா தனியா இருக்காரு." அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். வாடகைக் கார் வரும்வரை ஓரிடத்தில் நிற்க முடியாமல் சாலையோரமாக நடந்துகொண்டே இருந்தேன்.

ஸ்டெல்லா அக்கா நம் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டியவர். அவர் உட்கார்ந்து பேசி நம்மில் யாரும் பார்த்திருக்க மாட்டோம். ஓய்வு பெற்ற பின் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தவர், வாசலில் நின்றபடியே சொன்னார்: "வலது தோள்பட்ட போச்சு தங்கச்சி. ஸ்டியரிங் திருப்ப முடியல. புது காரோட ஸ்டியரிங்க நம்ம பிக்-அப்புல மாட்டணும். வயரிங் வேல உன்னோடது." நான் மின்பராமரிப்புப் பிரிவில் இருப்பவள். மறுக்க இடமே தரவில்லை.

அந்தப் பழைய டட்சன் பிக்-அப்பை விற்றுவிட்டு ஒரு புதிய காரை வாங்கக்கூடாதா என்று நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். ஜெரால்டும் கேட்டுக்கொண்டே இருந்தான். அவருடைய கணவர் அந்தோணி அண்ணனுக்கு விபத்துக்குப் பின் கால் மடங்காது. சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு ஜொகூர் பாரு போகவேண்டும். பிக்-அப்பின் நீண்ட இருக்கையில் மட்டுமே அவரால் கதவில் முதுகைச் சாய்த்து, அக்காவின் பக்கம் காலை நீட்டி உட்கார முடியும்.

கார்களைப் பிரித்து விற்கும் கடையிலிருந்து, மோட்டார் பொருத்திய ஸ்டியரிங் தண்டு ஒன்றை அக்கா வாங்கி வந்தார். திருப்பும்போது பாதிச் சுமையை அந்த மோட்டார் ஏற்றுக்கொள்ளும். ஆனால் புதிய தண்டின் அடிமுனையும் பழைய வண்டியின் ஸ்டியரிங் பெட்டியும் ஒன்றோடொன்று சேரவில்லை. தெப்ராவில் ஒரு பட்டறைக்காரர் இரண்டையும் வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டார். அக்கா குனிந்து அந்த ஒட்டைத் தடவிப் பார்த்தார். "வெட்டி எடுங்க," என்றார்.

வண்டி பட்டறையில் கிடந்ததால், அதற்குள் அண்ணன் வாடகைக் கார்களில் போய் வந்து தவித்துப்போயிருந்தார். முன்னிருக்கையில் காலைத் திணித்து உட்கார்ந்த வலியில் இரவெல்லாம் முனகுவார். அக்கா வாசலுக்கும் அறைக்கும் நடப்பார். "போதும் ஸ்டெல்லா. வெல்டிங்கே இருக்கட்டும் லா," என்று அண்ணன் கெஞ்சியதை நானே கேட்டேன்.

"அது விட்டுப்போச்சுன்னா நாம ரெண்டு பேரும் போவோம், சரி. எதிர்ல மோட்டார்சைக்கிள்ல வர்றவன் என்ன பாவம் பண்ணான்?"

சொல்லிவிட்டு உள்ளே போய் அண்ணனின் காலுக்குத் தைலம் தேய்த்தார். அக்கா அழுததை அன்றுதான் பார்த்தேன். மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே லேத் பட்டறை வாசலில் நின்றார். இரு முனைகளுக்கும் பொருந்தும் இணைப்பு ஒன்றைக் கடைந்து வாங்கி, குறுக்கே போல்ட் போட்டுப் பூட்ட வைத்தார். நான் மோட்டாருக்குத் தனி ஃபியூஸ் வைத்து வயர் இழுத்தேன்.

முதல் ஓட்டத்தில், தாமான் குடியிருப்பு முனையில் பழைய பழக்கத்தில் முழு பலத்தோடு வளைத்தார். வண்டி சாக்கடை விளிம்புவரை போய் நின்றது. அவர் பின்னுக்கு எடுத்து, மறுபடி வளைத்தார். இம்முறை உள்ளங்கை பட்டதும் சக்கரம் திரும்பியது. தோளைத் தடவிக்கொண்டு, "இனிமே அவரத் தூக்கி எறக்கத் தெம்பு மிச்சம்," என்றார்.

முறைப்படி சோதனைக்குக் காட்டி அனுமதி வாங்கிய பிறகே அண்ணனை அதில் ஏற்றினார். ஒரு முறைகூடத் தவறாமல், இறப்பதற்கு முந்தின நாள்வரை அவரை அழைத்துப் போனார்.

அடக்கம் முடிந்த மறுநாளும் அண்ணனுக்குச் சிகிச்சை நாள். "இன்னிக்கி வேணாம்மா," என்றார். "அக்கா விடமாட்டாங்க, ஏறுங்க," என்று பிக்-அப்பின் கதவைத் திறந்தேன். வழியெல்லாம் அக்கா உட்கார்ந்த பக்கம் காலை நீட்டாமல், முன்னால் திணித்தே வைத்திருந்தார்.

ஜெரால்ட் இங்கே வேலை தேடிக்கொண்டு வரும்வரை நான்தான் ஓட்டுகிறேன். அக்காவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அவருடைய பொறுமையின்மை. ஒப்பேற்றிய எதையும் கண்டால் இருப்புக்கொள்வதில்லை. நேற்று அண்ணனை இறக்கப் போனபோது அவருடைய சக்கர நாற்காலியின் ஒரு பிரேக் ஆடியது. "நேரமாச்சும்மா, அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் அவர். ஸ்பேனரை எடுத்து, தரையில் மண்டியிட்டு, அதை இறுக்கிய பிறகே அவரை இறக்கினேன்.