நான் எழுதிய கேள்விக்கு அப்பா சொன்ன பதில்

மேடையில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது என் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், எங்கள் கையில் இருந்திருக்கும்.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, வேலைக்கு உத்தரவு வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுப்பவள் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அதைக் கேள்விப்பட்டு ஆளுங்கட்சிப் பேச்சாளர் ஒருவர் ஊர் நூலகத்தில் என்னைப் பிடித்தார். எல்லாரும் அவரை அண்ணன் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வெண்கலக் குரல். ஆனால் சொந்தமாக நாலு வரி எழுத வராது.

"நீ எழுதிக் குடு தங்கச்சி. ஆனா வெளில சொல்லிடாத. பொம்பளப் புள்ள எழுதிக் குடுத்துப் பேசுறான்னு சிரிப்பானுங்க" என்றார்.

வீட்டில்கூட மூச்சு விடவில்லை. ஆனால் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எதுகை, மோனை, அடுக்குமொழியெல்லாம் அன்றைக்குத் தெருவுக்கு நாலு பேருக்கு வரும். என்னுடைய கைச்சரக்கு கேள்வி. ஒரே மாதிரிக் கேள்வியாக மூன்று கேட்க வேண்டும். முதல் இரண்டிலும் குரல் ஏற வேண்டும், மூன்றாவதில் இறங்க வேண்டும். பிறகு நான்கு எண்ணும் வரை வாயைத் திறக்கக்கூடாது. அந்த இடைவெளியில்தான் கூட்டம் தானாகக் கை தட்டும். இதையெல்லாம் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தேன். எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு நான் எழுதியது இது: "இந்த மண்ணுக்கு நீர் பாய்ச்சியவன் யார்? இந்த மண்ணில் நாற்று நட்டவன் யார்? இந்த மண்ணை உழுகிறவன் யார்?"

குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்திருந்த சமயம். அப்பா உழுதது சீர்காழி மிராசுதார் ஒருவருடைய நிலத்தை. வாய்வார்த்தைக் குத்தகைதான், துண்டுச் சீட்டு கிடையாது. மனு கொடுக்கப் போவது முன்கூட்டித் தெரிந்தால் மிராசுதார் ஆளை மாற்றிவிடுவார். அதனால் அப்பா அம்மாவிடம், "அறுப்பு முடியட்டும், சத்தமில்லாம மனு குடுத்துடலாம்" என்று சொல்லியிருந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கூட்டம் சாயங்காலம் பிள்ளையார் கோயில் திடலில் நடந்தது. ஆட்சி மாறியதும் மிராசுதாரின் மருமகன் ஆளுங்கட்சிக் கரைவேட்டிக்கு மாறியிருந்தார். ஆகவே மிராசுதாரின் காரியஸ்தருக்கு முன்வரிசையில் நாற்காலி. அண்ணன் மூன்று கேள்வியையும் கேட்டார். குறித்தபடியே குரலை இறக்கி நிறுத்தினார். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து மனசுக்குள் எண்ணினேன். மூன்று எண்ணும்போது அப்பா எழுந்து நின்றார்.

"நான்தாங்க. வாய்க்கா மேட்டு ஆறு மாவ இருவது வருசமா நான்தாங்க உழுவுறேன்."

திடல் அதிர்ந்தது. அண்ணன் லேசுப்பட்டவரா? அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு, தன் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டு, "இதோ, இந்த நிலத்தின் உண்மையான உழவர்" என்றார். காரியஸ்தர் திரும்பி அப்பாவைப் பார்த்ததைப் பார்த்தேன். எனக்குத் திக்கென்றது. கூடவே பெருமையாகவும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அறுப்பு முடிந்த மறுநாளே மிராசுதாரின் ஆட்கள் ஏரோடு இறங்கிவிட்டார்கள். அப்பா கூலிக்கு உழுதவர், குத்தகைக்காரர் இல்லை என்றார்கள். அப்பா மனு கொடுத்தார். தாசில்தார் ஆபீசில் சாட்சி கேட்டார்கள். மிராசுதாரைப் பகைத்துக்கொள்ள ஊரில் யாருக்குத் துணிச்சல்? நான் அண்ணனைத் தேடிப் போனேன்.

"மேடையில சொன்னத அங்க வந்து சொன்னாப் போதும்ண்ணே."

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்த? வர்றேன் போ தங்கச்சி."

வந்தார். அதுதான் வயிற்றெரிச்சல். வராமல் இருந்திருந்தால்கூட ஏதோ அவசரம் என்று நினைத்திருப்பேன். தாசில்தார் முன்னால் நின்று, "மேடையில ஆயிரம் பேசுவோம்ங்க. அது கூட்டத்துக்குச் சொல்றது. இவரு உழுதது குத்தகைக்கா கூலிக்கான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். குரலை இறக்கிக் கேட்டுவிட்டு, பேசாமல் நின்றார். அந்த வித்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாவி நான். மனு தள்ளுபடியானது.

திரும்பி வரும்போது அப்பாவிடம், "ஏம்ப்பா அன்னிக்கு எழுந்திரிச்சீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டாரேம்மா. அவ்வளவு பெரிய மனுசன் கேக்குறப்ப, பதில் சொல்லாம எப்படி உக்காந்திருக்கிறது?"

அந்தக் கேள்வியை எழுதியது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் சாகும் வரை சொல்லவில்லை. அண்ணன் செய்தது துரோகம் என்றால், இதற்கு என்ன பேர் என்று எனக்கே தெரியும்.

அடுத்த தேர்தல் வந்தபோது எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து சீர்காழியில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் கூட்டம், ஒலிபெருக்கியில் அதே வெண்கலக் குரல். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றதற்காக நிலத்தை இழந்த உழவரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏரைப் பிடுங்கியபோது அவர் மனைவி வரப்பில் விழுந்து, ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டாராம். அம்மா அப்படி எதுவும் செய்யவில்லை. அன்று காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள். பொய் என்று தெரிந்தும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது யார் எழுதிக் கொடுக்கிறார்களோ, என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

பிறகு குரல் ஏறியது. அந்த ஆறு மாவையும் மீட்டு அந்த உழவர் கையிலேயே கொடுத்தது நம் ஆட்சி என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

என் பக்கத்தில் கூடையோடு நின்ற அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "நல்ல வேள, நெலம் கெடச்சிருச்சு பாரும்மா. இல்லாட்டி அந்த மனுசன் என்ன ஆயிருப்பாரு?"

அன்று காலையில்தான் அப்பா அந்த ஆறு மாவுக்கு நாற்றுப் பறிக்கக் கூலிக்குப் போயிருந்தார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றேன்.