ஓசி வேட்டி

இப்போதெல்லாம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது அரசியல் பேசி, இன்னொருவர் "அன்னைக்கு அப்படிச் சொன்ன, இன்னைக்கு இப்படிச் சொல்ற" என்று மடக்கினால், நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அலுத்துவிட்டது. மடக்குவதில் நான் ஏழாம் வகுப்பிலேயே கெட்டிக்காரி.

செல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு விசைத்தறிகள் ஓடின. அரசாங்கம் இலவசமாக எதைக் கொடுத்தாலும் அப்பாவுக்கு ஆகாது. "ஓசிக்குக் கை நீட்டுனவன் நிமிந்து நின்னு கேள்வி கேக்க முடியுமாய்யா?" என்று தெருமுனை டீக்கடையில் தினமும் முழங்குவார். அந்த வருஷம் அக்கா பிளஸ் ஒன். பள்ளியில் எல்லோருக்கும் இலவச சைக்கிள், படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பா போட மாட்டேன் என்றுவிட்டார். அக்காவோ வைகைப் பாலத்தைத் தாண்டி வெயிலில் நடந்து போய் நடந்து வருபவள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது.

மூன்றாம் நாள் காலை தூக்குவாளியோடு டீ வாங்கப் போனேன். அப்பா அங்கே இலவசத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, நம்ம தறியில ஓடுறது பொங்கலுக்குக் கவர்மெண்டு சும்மா குடுக்குற வேட்டிதான? அது மட்டும் ஓசி இல்லையா?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற. அது நம்ம உழைப்பு," என்றார்.

"வாங்குறவங்களுக்கு ஓசிதானப்பா?"

கடையே சிரித்தது. "மாப்ள, பெத்த மகளே மடக்கிப்புட்டாளே! இனிமே பேசுவ?" என்றார் ஒருவர். அப்பா கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனிக் கையெழுத்துப் போடாமல் எங்கே போவார் என்று, டீ சிந்தச் சிந்த வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா போட்டாரா? மறுநாள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், வேட்டிக்காகக் கொடுத்திருந்த நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். "பேசுனா பேசுன மாதிரி இருக்கணும்," என்றார்.

"இம்புட்டு வீராப்பு யாருக்குங்க?" என்று கேட்டாள் அம்மா. பொங்கல் வரைக்கும் அந்த ஒரு வேலையை நம்பித்தான் இருந்தோம். தறிகள் நின்றன. அம்மா பக்கத்துத் தெருவில் யாருடைய தறிக்கோ ஊடைநூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றப் போனாள். டீக்கடையில் அப்பாவை எல்லோரும் மெச்சினார்கள். வேலை மட்டும் ஒருவரும் தரவில்லை.

"நான் கேட்டது சரிதானக்கா?" என்றேன் அக்காவிடம்.

"சரிதான்டி. சைக்கிள்தான் வரல," என்றாள், அறுந்த செருப்பு வாருக்கு ஊக்கு குத்தியபடி.

அடுத்த வருஷம் அப்பா சத்தமில்லாமல் அதே வேட்டி நூலை வாங்கி வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை, நான் உட்பட.

வெகுகாலம் கழித்து அம்மா சொன்னாள். அந்த டீக்கடைக் காலையில், அப்பா அக்காவின் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினாராம். யாருக்கும் தெரியாமல் பள்ளியில் கொடுத்துவிட்டு வர. கடை சிரித்தபோது அவர் கை சட்டைப்பையைப் பொத்திக்கொண்டிருந்ததை அன்று நான் பார்த்தேன். டீக்குக் காசு தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.