கூட வந்தவர்கள் வெளியே நிற்கவும்

காஜா அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். தையல் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சட்டைகளில் பொத்தான் துளை போட்டுக் காஜா எடுத்து, பொத்தான் தைத்துக் கொடுப்பவள். ஜன்னலோரத்தில் வேலை, அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. இரண்டே அறை, ஆறு பேர். அந்த வீட்டில் அழுவதற்குக்கூட வரிசையில்தான் நிற்க வேண்டும்.

சில மாதங்களாக அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஊசியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள், கை ஓடாது. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு, காலையில் கண் விழிக்கும்போதே வந்துவிடும். அதைக் கண்டு அவளே நடுங்கினாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் ஏதாவது செய்துகொண்டுவிடுவோம் என்று பயந்து, அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"நல்ல புருஷன், தங்கமான மாமியார். உனக்கு என்னடி குறைச்சல்? வெளியில சொல்லித் தொலைச்சிடாத, பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்க" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

மாமியார் தங்கம்தான், அதில் குறை சொல்ல முடியாது. மருமகளை ஒரு நாளும் தனியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதில்லை. டாக்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே உட்காருவாள்.

"தூக்கம் வருதாம்மா?"

"அதெல்லாம் நல்லா தூங்குவா டாக்டர்."

"பசி?"

"நான் ஊட்டி விடாத குறைதான்."

டாக்டரும் மாமியார் முகத்தைப் பார்த்தபடியே சத்து மாத்திரை எழுதுவார். மருமகளுக்கும் ஒரு வாய் இருப்பது அங்கே யாருக்கும் ஞாபகம் வராது.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்து அலுத்துக்கொண்டாள். "கூட ஒருத்தரையும் விடமாட்டேங்கறாங்க. கதவைச் சாத்திட்டாங்க."

காஜா அக்காவின் கை நின்றது. அன்றைக்கே இருமத் தொடங்கினாள். பொய் இருமல் இருமியே தொண்டை புண்ணாகிவிட்டது. மாமியார் பதறிப்போய், "நெஞ்சைப் படம் எடுத்துப் பாத்துடுங்க டாக்டர்" என்று அவளே கேட்டாள்.

எக்ஸ்ரே அறைக் கதவில் 'கூட வந்தவர்கள் வெளியே நிற்கவும்' என்ற பலகை இருந்தது. உள்ளே காலை வைத்த மாமியாரைப் படம் எடுக்கும் பெண் கை நீட்டி மறித்தாள். கதவு சாத்திக்கொண்டது.

"தாடையைத் தூக்குங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து.

"மேடம், எனக்கு இருமலே இல்ல. உயிரோட இருக்கவே பிடிக்கல. பயமா இருக்கு."

"பேசாதீங்கம்மா, ஆடாம நில்லுங்க."

எங்கே ஆடாமல் நிற்பது? அழுகை பொத்துக்கொண்டு வந்தது. படம் கலங்கிப்போனது. எரிச்சலோடு தடுப்பை விட்டு வந்த அந்தப் பெண், தோளைப் பிடித்து நேராக நிறுத்தும்போதுதான் அவள் சொல்வதைக் காதில் வாங்கினாள். கை தோளிலேயே நின்றது.

"இதை டாக்டர்கிட்டதானேம்மா சொல்லணும்?"

"அங்க எங்க அத்தை இருப்பாங்க."

கதவை யாரோ தட்டினார்கள். வெளியே வரிசை நீண்டிருந்தது.

"நான் என்னம்மா பண்ணட்டும்? எனக்குப் படம்தான் எடுக்கத் தெரியும். கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கங்க."

காஜா அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். படம் தெளிவாக வந்தது.

டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சுத்தமா இருக்கு, ஒண்ணுமே இல்ல" என்றார். மாமியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. நிஜமான சந்தோஷம் அது. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் படத்தைத் தூக்கிக் காட்டி, "ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஜன்னலோரம் புது மூட்டை காத்திருந்தது. காஜா அக்கா ஊசியில் நூல் கோத்தாள். அந்தப் பெண் கை வைத்த தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு இருமினாள்.

"இன்னுமா போகல?" என்று சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

இன்னும் பலமாக இருமினாள்.