நான் எழுதிக் கொடுத்த குறுக்கீடுகள்

எனக்கு மூக்கின் மேல் கோபம். வாயும் சும்மா கிடக்காது. பள்ளிக்கூடக் காலத்தில் விவாத மேடைகளில் ஏறி ஏறிக் கிண்ணங்கள் வாங்கியவள் நான். மட்டக்களப்பு அமிர்தகழியில் எங்கள் வீட்டு அலுமாரியில் அவை இன்னும் வரிசையாக நிற்கின்றன. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இறுதி வருடம் படித்தபோது, தொடர்பாடல் பாடத்துக்கு ஒரு குழுக் கலந்துரையாடல் உண்டு, அதற்குத் தனியாகப் புள்ளியும் உண்டு என்று மிஸ் அறிவித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இது நம்முடைய விளையாட்டு என்று நினைத்தேன். கலந்துரையாடல் வேறு, விவாதம் வேறு என்பது என் மரமண்டைக்குள் ஏறவே இல்லை.

எங்கள் குழுவில் மூன்று பேர்தான். நான், படுவான்கரையிலிருந்து தினமும் வாவியைக் கடந்து வகுப்புக்கு வருகிற ஒருவன், பிறகு ஏறாவூர் அக்கா. அக்கா எங்களைவிடப் பல வருடங்கள் மூத்தவர். மற்ற எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்துவிட்டார், இது ஒன்றுதான் பாக்கி. முதல் தடவை இதே கலந்துரையாடல் வந்த வாரத்தில் அவருக்குப் பிரசவம். இரண்டாம் தடவை மகனுக்கு டெங்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். இது கடைசித் தவணை. இதில் தவறினால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்கான வயதெல்லையும் அவருக்கு அந்த வருடத்தோடு முடிகிறது.

இதையெல்லாம் அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு சொல்லவில்லை. கன்டீனில் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "வாய் திறக்காத ஆளுக்குப் புள்ளி பூச்சியமாம் புள்ள. நான் கட்டாயம் பேசியே ஆகோணும்."

"ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அக்கா. நான் இருக்கன்" என்றேன். என்ன ஒரு துணிச்சல்!

எங்களுக்குக் கிடைத்த தலைப்பு, இலத்திரனியல் கழிவுகளின் மீள்சுழற்சி. பழைய போன், ரீவி, சார்ஜர், கணினி இவற்றையெல்லாம் என்ன செய்வது என்பதுதான் பேச்சு. நான் இரண்டு நாள் குந்தியிருந்து மூன்று பேருக்குமான வசனங்களையும் எழுதி முடித்தேன். யார் ஆதரித்துப் பேசுவது, யார் எதிர்ப்பது, எந்த இடத்தில் யார் குறுக்கிடுவது, எல்லாம் எழுத்தில். 'இங்கே அக்கா: அதெப்படிச் சொல்வீர்கள்?' 'இங்கே மேசையைத் தட்டுக.' 'இங்கே மூவரும் சிரிப்பு.'

படுவான்கரையான் தாளை வாசித்துவிட்டு நிமிர்ந்தான். "எதுக்குச் சிரிக்கிற? இதில பகிடி ஒண்டையும் காணல்லியே."

"சிரி எண்டு எழுதியிருந்தாச் சிரி."

"இல்ல, நான் கேக்கிறன், எங்கட வீட்டுக் கதையச் சொல்லக் கூடாதா? எங்கட வளவுக்க ஒரு பழைய ரீவிக் கோது கிடக்கு. கோழி அதுக்குள்ளதான் முட்டை இடுது."

"கோழிக்கும் மீள்சுழற்சிக்கும் என்ன சம்பந்தம்? நீ எதிர்க்கட்சி. எதிர்த்துப் பேசு, போதும்."

அவன் பாவம், கோழியை விட்டுவிட்டு எதிர்ப்பு வசனத்தைப் பாடமாக்கத் தொடங்கினான். அக்கா தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஆபிரிக்காக் கரையோரக் குப்பை மேடு இருந்தது, ஐரோப்பாச் சட்டங்கள் இருந்தன. "மட்டக்களப்பக் காணல்லியே புள்ள" என்றார் மெதுவாக. அவருக்கு நான் முடிவுரையைக் கொடுத்திருந்தேன். முடித்து வைப்பது மரியாதை என்று அவரிடம் சொன்னேன். மனப்பாடம் செய்ய அவருக்கு நேரம் இருக்காது, கடைசியில் நாலு வரி போதும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டதைச் சொல்லவில்லை.

வெறும் பேச்சு எடுபடாது, மேசையில் சாமான் இருக்க வேண்டும் என்று எனக்கு இன்னொரு ஞானம் பிறந்தது. செத்த போன்கள் ஏழெட்டைச் சேர்த்துக் காட்சிக்கு வைக்கலாம், பிறகு மீள்சுழற்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று எங்கள் வீதியில் படலை படலையாக ஏறி இறங்கினேன். ஒருவரும் தரவில்லை. "அது கிடக்கட்டும் மகள்" என்றார் ஒருவர். "பேந்து பாப்பம்" என்று பிறகுக்குத் தள்ளினார் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி வந்த ஒருவர். இன்னொரு வீட்டில் போனை எடுத்து வந்து, சேலைத் தலைப்பால் துடைத்து, என்னிடம் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். எனக்கு வந்த கோபம்! குப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறார்களே என்று வழி நீளப் புறுபுறுத்தேன். அன்றைக்கே 'மக்களின் அறியாமை' என்று ஒரு முழுப் பக்கம் எழுதி, என் பேச்சில் சேர்த்துக்கொண்டேன். மேசைக்கு ஒன்றாவது வேண்டுமே. அலுமாரியில் என் கிண்ணங்களுக்குப் பின்னால் அம்மாவின் பழைய போன் ஒன்று கிடந்தது. கேட்காமல் எடுத்துப் பையில் போட்டேன்.

ஒத்திகைக்காக ஒரு சனிக்கிழமை ஏறாவூருக்குப் போனேன். அக்காவுக்குச் சின்னப் பிள்ளை, அவரால் வர முடியவில்லை. வாசலில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். உள்ளே மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா இருந்தார். அரிசி மணியிலும் சிறிய ஆணிகள். ஒவ்வொன்றையும் கழற்றி, எது எந்த இடத்திலிருந்து வந்ததோ அதே ஒழுங்கில் துணியில் வைத்தார். மடியில் பிள்ளை துள்ளுகிறது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் இந்த வேலை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"எங்க அக்கா படிச்சீங்க இத?"

"ஆர் படிப்பிச்சது? உம்மா குவைத்தில இருந்து கொண்டு வந்த போன் செத்துப் போச்சு. கடைக்குக் குடுக்க அவக்கு விருப்பமில்ல. உள்ளுக்க எங்கட கலியாணப் படமெல்லாம் இருக்கு, ஆம்புளையள் பாப்பாங்க எண்டா. வீடியோவைப் பாத்து நானே கழட்டினன். மறுகா பக்கத்து வீட்டு ஆக்களும் கொண்டு வரத் தொடங்கிட்டாங்க."

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. பெண்கள் கொண்டுவரும் போனை எப்படியாவது ஒருமுறை உயிர்ப்பித்து, படங்களையும் குரல் பதிவுகளையும் எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுவார். பிறகு அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே பழைய போனில் உள்ளதை அழிப்பார். "இனி இத என்ன செய்யிற?" என்று அவர் கேட்டால், "நீயே வெச்சுக்க" என்று சந்தோசமாக விட்டுவிட்டுப் போவார்களாம். வீங்கிப்போன பற்றரிகளைக் காய்ந்த மணல் போட்ட ஒரு வாளியில், பிள்ளைக்கு எட்டாத இடத்தில் தனியாக வைத்திருந்தார். மற்றதெல்லாம் மூலையில் ஒரு சாக்கில். பழைய இரும்பு வாங்குகிறவனுக்கு அவர் கொடுப்பதில்லை. அவன் செம்புக்காக வயரை எரிப்பான், அந்தப் புகை நம்முடைய பிள்ளைகளுக்குத்தானே என்றார். முறையாகச் சேகரிக்கிற லொறி எப்போதாவது கொழும்பிலிருந்து வரும், அதற்காகக் காத்திருந்தார்.

அடேயப்பா! எங்கள் வீதி முழுவதும் ஏறி இறங்கி நான் ஒரு போன் வாங்கவில்லை. இந்த மனுசி வீட்டை விட்டு அசையாமல் ஒரு சாக்கு நிறையச் சேர்த்திருக்கிறார்.

வாசலில் நின்ற பெண்கள் போனபிறகு அக்கா கேட்டார்: "இதுகள நாங்க அங்க சொல்லேலாதா புள்ள?"

இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "அது சொந்தக் கதை அக்கா. அதுக்கெல்லாம் புள்ளி வராது" என்றேன். கண்ணால் கண்டேன், கண்டும் என் தாளை மாற்ற மனம் வரவில்லை. மேடையில் கைதட்டு வாங்கிப் பழகியவளுக்குத் தன்னுடைய வசனத்தை வெட்டுவது விரலை வெட்டுவது மாதிரி. அக்கா "ஓம், சரி" என்று சொல்லி, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நான் எழுதிய முடிவுரையைப் பாடமாக்கினார்.

கலந்துரையாடல் நாள் வந்தது. மிஸ் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "இருபது நிமிசம். தொடங்குங்க."

தொடங்கினேன். தொடங்கினேன் என்பதைவிடப் பாய்ந்தேன் என்பதே சரி. "பெருமதிப்புக்குரிய அவையோரே!" என்று கையை உயர்த்தினேன். எதிரே மிஸ் ஒருவர்தான் இருந்தார். படுவான்கரையான் எழுதிக் கொடுத்த இடத்தில் மேசையைத் தட்டினான், எழுதிக் கொடுத்த இடத்தில் தனியாகச் சிரித்தான், பிறகு எதிர்ப்பு வசனத்தில் பாதியை மறந்து விழித்தான். அவனுடைய பாதியையும் நானே சொன்னேன். அக்காவின் 'அதெப்படிச் சொல்வீர்கள்?' வர வேண்டிய இடத்தில் நான் மூச்சு விடவில்லை, அவர் வாயைத் திறந்து மூடினார். மிஸ் எதையும் எழுதவில்லை. "அஞ்சு நிமிசம் இருக்கு" என்றார்.

எனக்குக் காது கேட்டது. அக்கா இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதும் தெரிந்தது. அவர் தாளின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்ததையும் கண்டேன். ஆனால் நான் அப்போதுதான் 'அறியாமை'ப் பக்கத்துக்கு வந்திருந்தேன், என் வாய் நிற்கவில்லை. அம்மாவின் போனைத் தூக்கிப் பிடித்தேன். "பாருங்கள்! உயிரற்ற இந்தப் பொருளைப் பூட்டி வைத்திருக்கிறார்களே எம் மக்கள், இது அறியாமை அன்றி வேறென்ன?"

"அது யார்ட போன் புள்ள?"

அக்காவின் குரல். இது என் தாளில் இல்லாத கேள்வி.

"எங்கட அம்மாட" என்றேன்.

"அம்மா தந்தாவா?"

மேடையில் ஒரு நாளும் திக்காதவள் திக்கினேன். "இல்ல... நான் எடுத்துக்கொண்டு வந்தன்."

"ஏன் அவ இவ்வளவு நாளும் எறியாம வெச்சிருந்தா?"

"தெரியாது அக்கா." அன்றைக்கு நான் பேசியதில் மனப்பாடம் இல்லாத முதல் வசனம் அதுதான். என் கை தானாகக் கீழே இறங்கியது.

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. எங்களோடு கன்டீனில் இருந்து கதைப்பது போலப் படுவான்கரையான் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்கட வீட்ட ரீவியொண்டு கிடக்கெண்டு சொன்னீங்களே. உள்ளுக்க இருந்த சாமானெல்லாம் எங்க?"

"பழைய இரும்புக்காரன் கழட்டிக்கொண்டு போயிட்டான். கோது மட்டும் கிடக்கு, அதுக்குள்ள கோழி" என்றான் அவன். மிஸ் சிரித்துவிட்டார். நான் எழுதாத இடத்தில் வந்த சிரிப்பு. அவனுக்கு உசார் வந்துவிட்டது. "கழட்டினத அவன் வாவிக் கரையில எரிக்கிறான் அக்கா. பின்னேரத்தில வயர் மணம் வட்டைக்குள்ளயும் வரும். அப்பா வயல்ல நிக்கேலாம இருமுவார்."

"அப்ப, ஆக்கள் குடுக்கிறாங்க இல்ல எண்டது பிழை" என்றார் அக்கா. "ரீவியக் குடுக்கிறாங்க. போனத்தான் குடுக்கிறாங்க இல்ல. ஏன்? ரீவிக்குள்ள அவங்கட மனிசர் இல்ல. போனுக்குள்ள இருக்காங்க. அவங்கள முதல்ல எடுத்துக் குடுத்தா, போனத் தருவாங்க. என்ட வீட்ட ஒரு சாக்கு நிறையத் தந்திருக்காங்க, மிஸ்."

மிஸ் பேனையைக் கையில் எடுத்தார். நேரம் தாண்டியது. மணிக்கூட்டை அவர் பார்க்கவில்லை. எப்படி எடுப்பது, பற்றரியை ஏன் மணலில் வைப்பது, வளாகத்தில் ஒரு நாள் பெண்களே இருந்து செய்து கொடுத்தால் எத்தனை பேர் கொண்டு வருவார்கள் என்று மிஸ்ஸிடமிருந்து கேள்வி மேல் கேள்வி. அக்கா பதில் சொல்லுவார், பாதியில் என்னைப் பார்த்து "நீ என்ன நினைக்கிறாய் புள்ள?" என்பார். எனக்குப் பேச இடம் தந்தார்! அவருடைய நேரத்தைக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் விழுங்கிய எனக்கு.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "கோவிச்சுக்காத என்ன. உன்ட பேச்சுக்குள்ள நான் பூந்திட்டன். எனக்கு வேற வழி தெரியல்ல."

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "நான்தான் அக்கா உங்கட வாழ்க்கைய அஞ்சு நிமிசத்துக்குள்ள தள்ளினது" என்று விம்மினேன். "சும்மா இரு புள்ள" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

அம்மாவிடம் போனைத் திருப்பிக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்த கிழமை அம்மாவே அதை எடுத்துக்கொண்டு ஏறாவூர் பஸ்ஸில் ஏறினார். உள்ளே என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

பெறுபேறு வந்தபோது மூவரிலும் அக்காவுக்குத்தான் கூடிய புள்ளி, எனக்குத்தான் குறைய. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோசம், கிண்ணம் வாங்கிய எந்த நாளிலும் வந்ததில்லை. இத்தனை பொறுமையும் இத்தனை அறிவும் ஒரே ஆளிடம் இருப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. இன்றுவரை கண்டதும் இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. நியமன விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். முடிவுத் திகதிக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. "ஒருக்கா வாசிக்கிறன், பிழையிருந்தாச் சொல்லு" என்றார். பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் வாசித்தார்.

"கல்வித் தகைமை, பட்டதாரி" என்று வாசித்தார். "இந்த இடம் சரிதானே புள்ள?"

"சரி அக்கா" என்றேன்.

அவர் அந்த வரியை மட்டும் இன்னும் ஒருமுறை வாசித்துக் காட்டினார்.